ஊசியும் உளியும்: பொம்பதூர் சீமாட்டி ஓவியம் பற்றிய ஓர் ஆய்வு

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் ரொக்கோக்கோ என்னும் பாணிக்கு நெடுநாளாகவே ஒரு பழி உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தழைத்த அப்பாணி ஆடையையும் அணியையும் எழுதிற்றேயன்றி ஆளை எழுதவில்லை என்பதே அப்பழி. கிளிஞ்சலும் கல்லும் பதித்துச் செயற்கைக் குகைகளை ஒப்பனை செய்யும் வேலைக்குப் பிரெஞ்சு மொழியில் ‘ரொக்காய்’ என்று பெயர். அச்சொல்லைத் திரித்துப் பின்வந்தோர் ஏளனமாக இட்ட பெயரே ரொக்கோக்கோ. பட்டும் பூவும், இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும், வளைந்து நெளியும் கோடும் மிகுந்த இவ்வகைப் படங்களைக் காணும் தமிழ் வாசகர், “சோம்பியிருந்த பிரபுக்களின் பகட்டு இது, தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு.

அவ்வினா தள்ளத்தக்கதன்று, விடை காணத்தக்கது. பொதுவாகப் பேசுவதைவிட ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை. லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1977-இல் விலைக்கு வாங்கிய ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றது. பிரான்சுவா உய்பேர் துருவே என்பார் 1763-64-இல் தீட்டிய பொம்பதூர் சீமாட்டியின் உருவப்படம் அது.

படமும் தலைவியும்

படம் ஏறத்தாழ 217 செ.மீ. உயரமும் 157 செ.மீ. அகலமும் உடையது, ஆளுயரத்தினும் பெரிது. நடுவயதை எட்டிய ஒரு பெண் துணி பூட்டிய தையற் சட்டத்தின் முன் அமர்ந்திருக்கிறார். மென்பின்னல் தலையணியும், மணிக்கட்டில் அடுக்கடுக்காய்த் தொங்கும் பின்னலும், வெளிர்நிறத் துணியில் பூங்கொத்துகள் பரந்த பேராடையும் அவருடையவை. பின்னே நூல்கள் நிறைந்த நிலைப்பேழை. அருகே நூற்கண்டுகள் வைத்த சிறு மேசை. கீழே மாண்டலின் என்னும் நரம்பிசைக் கருவியும் சித்திரக் கோப்பும். கருநிறச் சிறுநாய் ஒன்று தலைவியை அண்ணாந்து பார்க்கிறது. தலைவியோ வேலையினின்று கண்ணை எடுத்துப் படத்தைக் காண்போரை நோக்குகிறார்.

இவர் பிறப்பால் பிரபு குலத்தவர் அல்லர் என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1721-இல் பாரிசில் பிறந்த ஜான் அந்துவானெத் புவாசோன், பெருவணிகரிடம் பணிபுரிந்த ஒருவரின் மகள். 1745-இல் மன்னர் 15-ஆம் லூயியின் காதற்கிழத்தியாக வெர்சாய் அரண்மனை புகுந்தபோதுதான் ‘பொம்பதூர் மார்க்கீசு’ என்ற பட்டம் இவருக்கு வழங்கப்பெற்றது. 1752-இல் கோமாட்டி நிலை கிட்டிற்று. காதல் உறவு சில ஆண்டுகளில் முடிந்த பின்னரும், மன்னரின் நண்பராகவும் அரசியல் துணையாகவும் இறுதிவரை அரண்மனையிலேயே வாழ்ந்தார்.

பிறப்பு தராத பெருமையைப் படம் தரவேண்டியிருந்தது. அதனால்தான் இவரைப்போல் ஓவியத்தைக் கருத்தோடு பயன்படுத்தியவர் அக்காலத்தில் வேறொருவர் இலர் என்னும்படி படத்தின்மேல் படமாக எழுதுவித்தார். துருவேயின் படத்தை அளப்பதற்கு முன்னைய படங்கள் இரண்டை அருகில் வைத்துப் பார்த்தல் நலம்.

முன்னைய படங்கள் இரண்டு

ஒன்று, மொரீஸ் காந்தேன் த லா தூர் வண்ணக்கட்டியால் தீட்டி 1755-இல் பொதுக்காட்சிக்கு வைத்தது. இன்று பாரிசு லூவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் சீமாட்டி இசைக்குறித் தாளைக் கையில் பிடித்திருக்கிறார். மேசையில் மோந்தெசுக்கியூவின் ‘சட்டங்களின் உட்பொருள்’ நூலும், வோல்தேரின் காவியமும், கலைக்களஞ்சியத்தின் 4-ஆம் தொகுதியும் பெயர் தெரியும்படி நிற்கின்றன. அக்களஞ்சியத்தின் முதலிரு தொகுதிகளை 1752-இல் அரசே தடுத்திருந்தது. தடைக்கு ஆளான நூலை மன்னரின் துணைவி தம் மேசைமேல் வைத்துக்கொண்டது துணிவான செயல். இப்படம் அறிவின் விளம்பரம் எனலாம்.

மற்றொன்று, பூஷே 1756-இல் எழுதியது. மியூனிக் நகரில் உள்ளது. இதில் நீலப்பச்சைப் பட்டாடை முழுதும் ரோசாப் பூக்கள்; பின்னே கண்ணாடி; கையில் விரித்த நூல்; சிறு மேசையில் இறகுப் பேனா. நூல் விரிந்திருக்கிறதேயன்றிக் கண் அதன்மேல் இல்லை. ஆடை படத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்ளுகிறது. ரொக்கோக்கோவின் மீது சுமத்தப்படும் பழி முற்றும் பொருந்துவது இப்படத்திற்கே என்று கூறினும் தவறில்லை. பூஷேயின் கைத்திறன் பெரிது. ஆயின் பட்டின் மினுமினுப்பில் கரைந்துபோன முகம் நெஞ்சில் நிற்பதில்லை.

துருவேயின் படத்தில் நூல்கள் பின்னே சென்றுவிட்டன. முன்னே வந்திருப்பது ஊசி. நாற்பத்தொரு வயதுப் பெண், இளமை காட்டாமல், நோயின் தளர்ச்சியை மறைத்த அமைதியோடு, கைவேலையில் அமர்ந்திருக்கிறார். அறிவையும் அழகையும் முன்னரே காட்டி முடித்தவர், இறுதியில் உழைப்பைக் காட்ட விரும்பினார் போலும்.

ஒட்டிய முகம்

இப்படத்தில் துருவே எழுதி வைத்த குறிப்பு ஒன்று உளது. தலையை 1763 ஏப்ரலில் தீட்டியதாகவும், படத்தை 1764 மேயில் முடித்ததாகவும் அது கூறுகிறது. பொம்பதூர் சீமாட்டி இறந்த நாள் 1764 ஏப்ரல் 15. ஆகவே படம் நிறைவுற்றபோது படத்திற்குரியவர் உயிருடன் இல்லை.

இதனினும் வியப்பானது படத்தின் அமைப்பு. முகம் தனியானதொரு சிறு துணியில் தீட்டப்பட்டுப் பின்னர்ப் பெரிய துணியில் பொருத்தப்பட்டது. பெரியோர் நெடுநேரம் அமர்ந்திருக்க மாட்டார்கள். ஆதலின் முகத்தை மட்டும் நேரில் பார்த்து எழுதிக்கொண்டு, ஆடையையும் அறையையும் ஓவியர் தம் கூடத்தில் வைத்து முடிப்பது அந்நாளைய வழக்கம். சீமாட்டி ஓவியருக்குக் கொடுத்தது முகம் மட்டுமே. எஞ்சிய அனைத்தும் அவர் இல்லாமலே எழுதப்படக் கூடியவை.

இது குறையா? தொழிலளவில் பார்த்தால் குறையே. ஓராண்டுக்கு முன் எழுதிய முகத்திற்குப் பின்னால் எழுதிய கை என்ன செய்கிறது என்பது தெரியாது. கண் ஒருபுறம் நோக்க, விரல் வேறுபுறம் இயங்கும். ஆயின் துருவே இக்குறையையே படத்தின் கருவாக்கிக் கொண்டார். யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள். தலைவி தையலை நிறுத்தி நிமிர்கிறார். கை சட்டத்தின்மேல் அப்படியே நிற்கிறது. முகத்திற்கும் கைக்கும் இடையில் இருந்த பிளவு, வேலைக்கும் வரவேற்புக்கும் இடையில் உள்ள ஒரு நொடியாக மாறிவிட்டது. வந்தவர் யார்? படத்தைப் பார்ப்பவரே. நல்ல நாடகாசிரியன் மேடையின் குறையைக் காட்சியின் நிறைவாக மாற்றுவதுபோன்ற திறம் இது.

ஓர் எல்லையும் இப்படத்திற்கு உண்டு. மின்னும் பின்னலுக்கும், மேசையின் மரத்திற்கும், நூற்கண்டுக்கும், நாயின் மயிருக்கும், முகத்திற்கும் துருவே ஒரே அளவு கவனம் செலுத்துகிறார். எதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மே மாதத்தில் தூரிகையைக் கீழே வைத்த ஓவியருக்குத் தலைவி இறந்துவிட்டது தெரியும், படத்திற்கோ தெரியாது. இரங்கற்பாவாகும் வாய்ப்பு இருந்தும் அது பாராட்டுரையாகவே நின்றுவிட்டது.

எழுதிய துணி

இனி ஆடைக்கு வருவோம். பூஷேயின் படத்தில் ரோசாக்கள் பட்டின்மேல் அணிசெய்த பூக்கள். துருவேயின் படத்திலோ பூங்கொத்துகள் துணியோடு துணியாய், கையால் எழுதியவைபோல் பரந்திருக்கின்றன. அத்துணி பட்டா பருத்தியா என்பதைப் படம் ஒன்றைக் கொண்டே அறுதியிட இயலாது. ஆயின் வெளிர்நிறத் தரையில் பல வண்ணப் பூக்களை எழுதிய துணிமீது பிரான்சு கொண்ட மோகம் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. சீனத்துப் பட்டோடும், சோழமண்டலக் கரையின் சீட்டித்துணியோடும் வந்தது அது.

தமிழர் ‘சீட்டி’ என்று வழங்கும் வண்ணப் பருத்தித் துணி, 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர் கலங்கினர். 1686-இல் அரசு அதன் இறக்குமதியையும் உள்நாட்டு உற்பத்தியையும் தடுத்தது. தடை எழுபத்துமூன்று ஆண்டுகள் நீடித்தது. கள்ளக்கடத்தலும் அத்தனை ஆண்டுகள் நீடித்தது. பொம்பதூர் சீமாட்டியே தம் பெல்வியூ மாளிகையைத் தடுக்கப்பட்ட சீட்டியால் அணிசெய்திருந்தார். 1759-இல் தடை நீங்கிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நிறைவுற்ற இப்படத்தில் எழுதிய பூக்கள் மறைவின்றி, பெருமையோடு மலர்ந்திருக்கின்றன.

அத்துணி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறியப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிப் பகுதிக்கே வந்து கேட்டனர். போலியூ என்னும் கடற்படை அதிகாரி 1734-ஐ ஒட்டி ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு துணித்துண்டை ஒட்டிக் குறிப்பெழுதினார். கேர்து என்னும் சேசு சபைப் பாதிரியார் 1742-இல் விரிவானதொரு மடல் வரைந்தார். அவர்கள் கண்ட வேலை எளியதன்று. முதலில் துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்துக் கட்டையால் அடிக்க வேண்டும். பாலின் கொழுப்பு வண்ணம் பரவாமல் தடுக்கும். துளையிட்ட தாளின்மேல் கரிப்பொடி தூவிக் கோலத்தை இறக்க வேண்டும். இரும்பு ஊறிய புளித்த நீரால் கருங்கோட்டையும், படிகார நீரால் சிவப்பு ஏறவேண்டிய இடத்தையும் எழுத வேண்டும். பின் சாயவேரில் கொதிக்கவைக்க, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அதன்பின் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை பிறக்கும். மஞ்சள் விரைவில் மங்குவதால் பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாய் நிற்பதை இன்றும் காணலாம்.

இதனைத் தமிழ் ‘எழுதுதல்’ என்றே கூறும். செய்யுள் எழுதுவதற்கும், சித்திரம் எழுதுவதற்கும், துணி எழுதுவதற்கும் தமிழில் வினை ஒன்றே. தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரி இம்மரபில் எஞ்சிய கிளை. அதற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துருவே தம் பெயரையும் ஆண்டையும் மாதத்தையும் படத்தில் எழுதினார். சீட்டி எழுதியவர் எவரும் துணியில் பெயர் எழுதவில்லை. துருவேயின் கையெழுத்துக்கும் அவர்களின் கைவேலைக்கும் இடையே உள்ள தொலைவு, கலையின் தொலைவன்று, பெயரின் தொலைவு.

சீமாட்டியின் கையில் உள்ள வேலையும் இதனோடு தொடர்புடையதே. துணியை இறுகப் பூட்டி முளையுள்ள ஊசியால் சங்கிலித்தையல் இடும் இம்முறை, ஏறத்தாழ அதே காலத்தில்தான் கீழைநாடுகளினின்று பிரான்சுக்குப் போய்ப் பரவிற்று. துணியை மத்தளம்போல் இறுக்குவதால் பிரெஞ்சில் இதற்குத் ‘தம்பூர்’ என்று பெயர். இன்று மணப்பெண்ணின் இரவிக்கைக்குத் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் தையற்கடைகள் செய்யும் ‘ஆரி வேலை’ இதன் உறவே.

வரலாற்றின் நிழல் ஒன்றும் படத்தின்மேல் விழுகிறது. பிரான்சும் பிரிட்டனும் நடத்திய ஏழாண்டுப் போரில் புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்து இடிக்கப்பட்டது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதத்தில்தான். 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை, இடிந்த புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. அப்போரின் பழியில் பெரும்பங்கைப் பிரெஞ்சு மக்கள் பொம்பதூர் சீமாட்டியின்மேல் சுமத்தினர். உடன்படிக்கைக்கு இரண்டு மாதத்திற்குப் பின் எழுதிய முகம் இது. அதன் அமைதியை நிம்மதி என்று மட்டும் படிப்பது போதாது. பேச்சில்லாத ஒரு மறுமொழி என்றும் படிக்கலாம்.

சுங்காய்ச் சுவர்ப்படங்கள்

இவையெல்லாம் பேராக் மாநிலத்துத் தமிழ் வாசகர்க்கு எவ்வகையில் நெருங்கியவை? சோழமண்டலக் கரையின் துணி பிரான்சுக்குப் போகுமுன்னரே மலாய் நாட்டுக்கு வந்துவிட்டது. மாலையில் மலாய்க்காரர் உடுத்தும் ‘காயின் பெலேக்காட்’ தன் பெயரில் பழவேற்காட்டை இன்றும் சுமக்கிறது. ஆயின் இதனினும் நெருங்கிய ஒப்புமை வீட்டுச் சுவரில் உள்ளது.

ஈப்போவிற்குத் தெற்கே, பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் உள்ளது சுங்காய். அதைச் சூழ்ந்த பால்மரக் காடுகள் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக்கு இடம்விட்டன. தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் பலர் பட்டணங்களுக்கும் தாமான் வீடுகளுக்கும் பெயர்ந்தனர். பெயர்ந்தபோது அவர்கள் தவறாமல் எடுத்துச் சென்றது, கண்ணாடிச் சட்டமிட்டு மாலை போட்ட பாட்டன் பாட்டியின் படம். அப்படங்களுள் பலவற்றின் பிறப்பு வரலாறு துருவேயின் படத்தினது போன்றதே. அவசரகாலம் தொடங்கிய 1948-இல் மலாயா அரசு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் அடையாளக் கார்டு வழங்கத் தலைப்பட்டது. தோட்டத்தில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த படம் அக்கார்டுப் படம் ஒன்றே. அவர் இறந்தபின் பிள்ளைகள் அதைப் பட்டணத்துப் படக்கடையில் கொடுப்பர். கடைக்காரர் முகத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கோட்டு ஒன்றையோ, சரிகைச் சேலை ஒன்றையோ கையால் தீட்டிச் சேர்த்துக் கொடுப்பார். உயிருடன் இருக்கையில் பதிந்த முகம். இறந்தபின் எழுதிய உடல். பிரபுவின் மாளிகையிலும் தொழிலாளியின் லயத்திலும் உருவப்படம் ஒரே வழியில் பிறந்திருக்கிறது.

ஒப்புமை இத்துடன் நிற்கிறது. வேறுபாடு அதற்குமேல் தொடங்குகிறது. ஊசியால் பிழைக்க வேண்டிய தேவையில்லாத சீமாட்டி, ஊசியோடு எழுதப்பெற விரும்பினார். மணிகளில் செதுக்கிய உருவங்களைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடக் கற்றவர் அவர். அவரது கைவேலை முழுப் பொய்யன்று. ஆயினும் அது ஓய்வின் வேலை. மறுபுறம், வைகறை இருளில் எழுந்து உளியால் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, அதனாலேயே பிள்ளைகளை ஆளாக்கியவரின் படத்தில் உளியும் இல்லை, வாளியும் இல்லை. அவர் ஒருநாளும் அணியாத கோட்டு இருக்கிறது. வேலை செய்யத் தேவையற்றவர் வேலையை அணிகலனாகப் பூண்டார். வேலையாலேயே வாழ்ந்தவரின் வேலையைப் பிள்ளைகள் அன்பினால் அழித்தனர்.

இதனைப் பிள்ளைகளின் போலிப் பெருமை என்று இகழ்வது பொருந்தாது. அடையாளக் கார்டின் படம் அரசின் கணக்குக்காக எடுத்தது. அதில் அவர் ஓர் எண். கோட்டு அந்த எண்ணை அப்பாவாக்கிற்று. பிறப்பு தராத பெருமையைப் பொம்பதூர் சீமாட்டிக்கு ஓவியர் தந்ததுபோல, வாழ்க்கை தராத மதிப்பை அவருக்குப் படக்கடைக்காரர் தந்தார். இரண்டும் உருவப்படத்தின் பழைய கடமையே. எனினும் அக்கடமையில் ஒன்று இழக்கப்பட்டது என்பதையும் கூறத்தான் வேண்டும். ஊசியை வெட்கமின்றிக் கையில் பிடிக்கும் உரிமை சீமாட்டிக்கு இருந்தது. உளியைப் பெருமையோடு பிடித்துப் படத்தில் நிற்கும் உரிமை பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

ரொக்கோக்கோ ஓவியம் ஆடையை எழுதிற்று, ஆளை எழுதவில்லை என்ற பழிக்கு இப்போது விடை கூறலாம். துருவேயின் படத்தைப் பொறுத்தவரை அப்பழி பாதி உண்மை. ஆடையை அவர் கூர்ந்து எழுதியதனாலேயே, அவர் எண்ணிப் பாராத ஆட்களும் படத்தினுள் புகுந்துவிட்டனர். கடுக்காயும் பாலும் கலந்தவர், சாயவேர் தோண்டியவர், மெழுகு பூசியவர், பெயரில்லாமல் பூ எழுதியவர் ஆகியோர் வளர்த்த மரபு சீமாட்டியின் மடியில் மலர்ந்திருக்கிறது. பகட்டென்று பக்கத்தைப் புரட்டுவோர் அவர்களையும் சேர்த்தே புரட்டிவிடுகின்றனர்.

வகுப்பில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், மாணவரிடம் முகத்தைப் பற்றிக் கேட்குமுன் கையைப் பற்றிக் கேட்கலாம். பின்னர், அவரவர் வீட்டுச் சுவரில் உள்ள படத்தில் கோட்டுக்குள் மறைந்த கை எதைப் பிடித்து வாழ்ந்தது என்று கேட்டுவரச் சொல்லலாம். விடை கூற வல்ல பெரியோர் சுங்காய் வட்டாரத்தில் இன்னும் சிலர் உளர்.